இரண்டே கால் மணி நேர வேட்பாளர்

நாடாளுமன்ற ஜனநாயக வரலாற்றில் நெமிலிச்சேரி சாமுண்டீஸ்வரி அம்மையாருக்கு உரிய இடம் நிமிடக் கணக்கில் துல்லியமானது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு அது தொடங்குகிறது. அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு முடிகிறது. பெரிய தலைவர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்களுக்கு எங்கே ஆரம்பிப்பது, எதை விடுவது என்று குழப்பம் வரும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டே கால் மணி நேரம்தான். மற்றதெல்லாம் முன்னுரையும் பின்குறிப்பும்.

முன்னுரை சற்று நீளம். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மையாருக்கு வயது நாற்பத்தொன்பது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடமாகச் செக்கர். தைத்து முடித்த சட்டை டியூப்லைட்டுக்குக் கீழே அவர் முன்னால் வந்து விழும். விட்டுப்போன தையல், பொத்தான் வராத இடம், எதுவாக இருந்தாலும் அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிக் கூடையில் தள்ள வேண்டும். இந்தப் பழக்கம் கம்பெனி வாசலோடு நின்றுவிடவில்லை. கணவர் கோவிந்தன் ஒருமுறை கல்யாண வீட்டில் இரண்டு பந்தி முடிந்த பிறகுதான் தன் வேட்டியில், முழங்காலுக்குப் பக்கத்தில், ஓர் அம்புக்குறி இருப்பதைப் பார்த்தார். அது காட்டிய இடத்தில் பழைய சாம்பார்க் கறை.

"தொவைக்கிறதுக்கு அடையாளம் போட்டு வச்சேன். அதையே எடுத்துக் கட்டிகினு போனா நான் இன்னா பண்றது?" என்பது அம்மையாரின் விளக்கம்.

கோவிந்தனும் அதே பேட்டையில் லேத் ஓட்டியவர்தான். பட்டறை மூடிய பிறகு, அடுத்த வேலைக்கு அவசரப்படக் கூடாது என்ற கொள்கையோடு ஆறு வருடமாக வீட்டில் இருக்கிறார்.

கட்சியில் அம்மையாருக்கு மகளிர் அணி ஒன்றியத் துணை அமைப்பாளர் என்று பதவி. கட்சியின் பெயர் வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டுப் படித்தாலும் கதை பொருந்தும். பதவியின் நீளத்தைப் பார்த்து மிரளவும் வேண்டாம். வேலை ஒன்றுதான்: வேட்பாளர் வரும் தெருமுனையில் முப்பது பெண்களை ஆரத்தித் தட்டோடு நிறுத்துவது. மஞ்சளும் சுண்ணாம்பும் எவ்வளவு கலந்தால் வேன் மேல் நிற்கிறவர் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும், காற்றில் கற்பூரம் அணையாமல் இருக்க வெற்றிலையை எப்படி மடிக்க வேண்டும் என்பதிலெல்லாம் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. நான்கு நாடாளுமன்றத் தேர்தலில் நான்கு வேட்பாளர்களுக்குத் தட்டு சுற்றியிருக்கிறார். நால்வரும் ஆண்கள். அவர்களில் மூவர் ஜெயித்து டெல்லி போனார்கள்.

மூவரிடமும் அம்மையார் ஒரே மனுவைக் கொடுத்தார். அவர் தினமும் ஏறி இறங்கும் மின்சார ரயில் தடத்தில் ஒரு நிலையம். பெயரைச் சொன்னால் அங்குள்ள பூட்டுக்கு விளம்பரமாகிவிடும். பெண்கள் கழிப்பறைக்குப் போட்ட பூட்டு அது. சாவி யாரிடம் என்பது ஆராய்ச்சிக்குரியது. முதல் எம்.பி. "கவனிக்கிறேன்மா" என்றார். இரண்டாமவரும் அதையே சொன்னார். ஆனால் அவர் நிஜமாகவே கவனித்தார். பழைய பூட்டு துருப்பிடித்திருந்ததால் அவர் காலத்தில் புதுப் பூட்டு போட்டார்கள். மூன்றாமவர் மனுவை விசிறிக்கொள்ளப் பயன்படுத்தினார். வெயில் காலம்.

ரயில் என்பது டெல்லி சமாச்சாரம், அதைப் பேச எம்.பி.யால்தான் முடியும் என்று அம்மையாருக்கு இதற்குள் தெரிந்துவிட்டது. பிறகு ஒருநாள், அந்த எம்.பி. ஏன் நானாக இருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. மனிதர்களுக்கு இப்படிச் சில கெட்ட நேரங்கள் வரும்.

அந்த எண்ணத்துக்கு எண்ணெய் ஊற்றியது சட்டம். 2023 செப்டம்பரில், மக்களவையில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று டெல்லியில் நிறைவேறியபோது, பாரிவாக்கத்தில் மகளிர் அணி சரவெடி வெடித்தது. மாவட்டச் செயலாளர் பக்தவத்சலம் நேரில் வந்து தன் கையால் அம்மையாருக்கு லட்டு கொடுத்தார்.

"இனிமே உங்க ராஜ்ஜியம்தான் தங்கச்சி."

"எப்பலேர்ந்துண்ணே?"

"மக்கள்தொகை எடுக்கணும். அப்பால தொகுதிய எல்லாம் புதுசா பிரிக்கணும். அப்பால."

"அப்ப வர்ற எலெக்சன்ல?"

"வர்ற எலெக்சன்ல சட்டத்தக் கொண்டாடறோம்."

லட்டு நன்றாகவே இருந்தது. முந்திரி இருந்தது.

அம்மையார் விருப்ப மனு போட்டார். பெண்களுக்கு மனுக் கட்டணம் பாதி. தலைமை அலுவலகத்தில் நேர்காணல் நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். ஐந்து பேரும் வெள்ளை வேட்டி. இப்புறம் அம்மையார், கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு.

"தொகுதியில உங்க ஆளுங்க எத்தினி பர்சென்ட் இருப்பாங்க?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர். சாதியைத்தான் கேட்டார். எல்லாரிடமும் முதலில் கேட்பது அதைத்தான்.

அம்மையார் வாக்காளர் பட்டியலை வீட்டில் வைத்து, சட்டை எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டு வந்திருந்தார். "அம்பதுக்கு மேலண்ணே."

ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள். ஒரே சமூகம் பாதிக்கு மேல் இருக்கும் தொகுதியா? "எந்த ஆளுங்கம்மா நீங்க?"

"பொம்பளைங்கண்ணே."

மேசை குலுங்கச் சிரித்தார்கள். ஓரத்தில் இருந்தவருக்குப் புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. நடுவில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நியாயத்தை எடுத்துச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. "தொகுதிக்கு ஒரே சீட்டும்மா. ஒருத்தரத்தான் நிறுத்த முடியும். அந்த ஒருத்தரு ஜெயிக்கிறவரா இருக்கணும்ல? நாலஞ்சு பேர நிறுத்தலாம்னு இருந்தா உங்களையும் ஒண்ணா சேத்துரலாம். ஒண்ணே ஒண்ணுன்னா ரிஸ்க் எடுக்க முடியுமா?"

கட்சி அந்த முறை இருபது தொகுதியில் நின்றது. இருபதிலும் இதே கேள்வி, இதே நியாயம். ஒவ்வொரு தொகுதியாகப் பார்த்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. மொத்தமாகப் பார்க்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. பட்டியல் வந்தபோது இருபதில் இரண்டு பெண்கள். ஒருவர் காலமான எம்.பி.யின் மனைவி, மற்றவர் இருக்கிற எம்.எல்.ஏ.வின் தங்கை. நம் தொகுதிக்கு, பக்தவத்சலத்தின் மகன் கிஷோர். வயது முப்பத்து நான்கு. அனுபவம், பக்தவத்சலத்தின் மகன்.

பட்டியல் வந்த மறுநாள் மாலை பக்தவத்சலம் நெமிலிச்சேரிக்கே வந்துவிட்டார். கோவிந்தன் தன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நாற்காலியிலிருந்து எழுந்ததில்லை.

"தங்கச்சி, நீயும் வேட்புமனு போடற" என்றார் பக்தவத்சலம்.

அம்மையார் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"மாற்று வேட்பாளரா. தம்பி மனுவுல எதனா தகராறு ஆச்சுன்னா கட்சிக்கு ஆள் இல்லாம பூடக்கூடாதுல்ல? அதுக்கு ஒரு சேஃப்டி. தம்பி மனு ஓகே ஆயிடுச்சுன்னா உன்னுது தானா தள்ளுபடி ஆயிடும். நீ ஒண்ணும் பண்ண வேணாம்."

வழக்கமாக வேட்பாளரின் மனைவிதான் இப்படி மாற்றாக மனுப்போடுவார். ஆனால் புருஷன், பெண்சாதி இருவர் ஜாதகமும் ஒரே மேசைக்குப் போகக் கூடாது என்று குடும்ப ஜோசியர் சொல்லிவிட்டார். அடுத்த தகுதி, தப்பித்தவறி சீட்டு கையில் விழுந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிற ஆளாக இருக்க வேண்டும். மாவட்டம் முழுக்கத் தேடியதில் எல்லார் வாயிலும் வந்தது ஒரே பெயர்.

அவர் போன பிறகு மகள் மதிவதனி வாய் திறந்தாள். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் கடைசி வருடம். வீட்டில் செய்தித்தாளை விளையாட்டுப் பக்கம் தவிரவும் படிக்கிற ஒரே ஜீவன்.

"சில நாட்டுல தொகுதிக்கு ஒரு ஆளுன்னே கெடையாதும்மா. ஓட்டு கட்சிக்கு. கட்சி முன்னாடியே வரிசையா பேரு எழுதி ஒரு பட்டியல் குடுத்துரும். எவ்ளோ ஓட்டு வருதோ அதுக்குத் தக்கன மேலேர்ந்து எண்ணி எடுத்துப்பாங்க. சில எடத்துல ஒரு ஆம்பள, ஒரு பொம்பள, ஒரு ஆம்பள, ஒரு பொம்பளன்னுதான் எழுதணும்னு சட்டமே கீது."

"அப்ப ரெண்டாவது பேரு?"

"அதுவும் உள்ள போவும்."

"இங்க?"

"இங்க ரெண்டாவது பேருக்கு டம்மின்னு பேரு."

கோவிந்தன் இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த நாட்டுல மூணாவது பேரும் போவானா?"

"ஏம்ப்பா?"

"சொம்மா கேட்டேன். புருசனுக்கு எதனா எடம் கீதான்னு."

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளியது. ஒரே ஒரு நாற்காலி போட்ட வீட்டில் யார் உட்காருவது என்று கேட்கவே வேண்டியதில்லை. அது ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவருடையது. பெஞ்சு போட்ட வீட்டில்தான் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்லிப் பார்க்க முடியும். நம் முன்னோர் நமக்கு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதில் மூன்றில் ஒன்றைப் பெண்களுக்கு என்று எழுதியும் ஆகிவிட்டது. எந்த நாற்காலி என்று அளக்க ஆள் வர வேண்டும். வருவார்கள்.

கிஷோருக்கு இரண்டு செட் மனுவை வழக்கறிஞர் அணி தயார் செய்திருந்தது. ஒரு வேட்பாளர் இப்படி நான்கு செட் வரை கொடுக்கலாம். ஒன்றில் பிழை என்றால் இன்னொன்று காப்பாற்றும். ஜோசியர் மறுபடி தலையிட்டார். இரட்டைப்படை ஆகாது, மூன்றாக்குங்கள் என்றார். வழக்கறிஞர்கள் களைத்திருந்தார்கள். பென்டிரைவ் அம்மையாரிடம் வந்து சேர்ந்தது. "இதே மாதிரி இன்னொண்ணு பிரிண்ட் போட்டுகினு வந்துருக்கா. ஜோசியருக்காகத்தான்."

பூந்தமல்லியில் ஜாபர் அலியின் ஜெராக்ஸ் கடை. கணினித் திரையில் கிஷோரின் சொத்து விவர உறுதிமொழிப் பத்திரம் ஓடியது. பக்கம் பக்கமாக நிலம், வண்டி, நகை. அம்மையார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அவருடைய ஆள்காட்டி விரல் தானாக எழுந்து திரையைத் தொட்டது.

"பாய், நிறுத்து. இது காலியா கீது."

வேட்பாளரின் தொழில் என்ற இடத்தில் 'வணிகம்' என்று இருந்தது. அதற்குக் கீழே, வாழ்க்கைத் துணையின் தொழில். எதுவும் இல்லை. ஒரு கோடுகூட இல்லை.

"உடுக்கா. லாயருங்க பாத்துப் போட்டது. வேணும்னுதான் உட்டிருப்பாங்க" என்றார் ஜாபர் அலி.

விட்டுவிடலாம்தான். இருபத்தாறு வருடத்துச் சட்டைகள் விடவில்லை. அம்மையார் வழக்கறிஞருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பயங்கர இரைச்சல். "சரிக்கா, சரிக்கா, போட்டுருங்க" என்றார் அவர், என்ன என்று கேட்காமலே. அடுத்து கிஷோரின் மனைவி பவ்யாவின் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தார்.

"அம்மா, உங்களுக்குத் தொழில்னு இன்னா போடறது?"

மறுமுனையில் இரைந்துகொண்டிருந்த ஏதோ ஒரு மிஷின் நின்றது. பிறகு, "டென்டிஸ்ட். பூந்தமல்லியில க்ளினிக் வச்சிருக்கேன், எட்டு வருசமா" என்று பதில் வந்தது. பிறகு, "இத யாருமே என்னைக் கேக்கலையேக்கா" என்றும் வந்தது.

ஜாபர் அலி 'பல் மருத்துவர்' என்று அடித்தார். கிஷோர் மூன்று செட்டிலும் நோட்டரி முன்னால் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார், எதையும் படிக்காமல். தலைவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.

கடைசி நாளன்று அம்மையாரும் மனுத் தாக்கல் செய்தார். தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னால் நின்று, "சாமுண்டீஸ்வரி ஆகிய நான்" என்று உறுதிமொழி வாசித்தார். 'ஆகிய நான்' என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை வாசித்தார். அதைக் கவனித்தவர் அந்த அலுவலர் ஒருவர்தான். அவர் பணி நிமித்தமாக அடுத்த தாளைப் புரட்டினார்.

இனி வரலாறு.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மனுக்கள் பரிசீலனை. கிஷோரின் பெயர் வந்ததும் ஒரு சுயேச்சை எழுந்தார். பதினொரு தேர்தலில் நின்று, பதினொன்றிலும் டெபாசிட்டை நாட்டுக்கு அர்ப்பணித்தவர். அவருக்குப் பொழுதுபோக்கே அடுத்தவர் மனுவைப் படிப்பது.

"ஐயா, ஒரு கட்டத்த காலியா உட்டிருக்காரு. காலியா உட்டா மனு செல்லாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு. பொண்டாட்டி இன்னா பண்றாங்கன்னு தெரியாதவரு தொகுதிக்கு இன்னா பண்ணுவாரு?"

அலுவலர் முதல் செட்டைப் பார்த்தார். காலி. இரண்டாவதைப் பார்த்தார். காலி. மூன்றாவது செட் அந்தக் காகிதக் கட்டுக்குள் இல்லை. வேறு மேசையில் எங்கோ சேர்ந்திருந்தது. மணி பதினொன்றே முக்கால். "மனு நிறுத்தி வைக்கப்படுகிறது. மீதி ஆவணங்களையும் பார்த்து, இரண்டு மணிக்கு முடிவு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

வளாகத்து வேப்பமரத்தடியில் அம்மையார் நின்றுகொண்டிருந்தார். செய்தி வெளியே வந்த ஐந்தாவது நிமிடம் அவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி முளைத்தது.

"உக்காருங்கம்மா."

காலைவரை 'இன்னாக்கா' என்றிருந்தவர்கள் 'அம்மா'வுக்கு மாறிவிட்டார்கள். இளநீர் வந்தது. ஒருவர் குடை பிடித்தார், மரத்தடி நிழலிலேயே. கிஷோருக்கு வாங்கிய ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டிருந்த தொண்டர், கிஷோரின் காருக்கும் வேப்பமரத்துக்கும் சரிபாதி தூரத்தில் போய் நின்றுகொண்டார். அரசியலில் அவருக்கு எதிர்காலம் உண்டு.

கோவிந்தன் போனில் வந்தார். "ஏ சாமுண்டி, நெஜமா? பட்டாபிராம் முழுக்க பேச்சா கீது. வெள்ள வேட்டி எடுத்துட்டேன். அந்த அம்புக்குறி போட்டது இல்ல, வேற. எம்.பி. ஊட்டுக்காரரு இன்னா கலர் துண்டு போடணும்?"

"இன்னும் ஒண்ணும் ஆவல. போன வையி."

"மூணு பேரு மனு குடுத்துட்டுப் போயிட்டாங்க எங்கிட்ட. நான் கவனிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

அடுத்தது மதிவதனி. "அம்மா, உள்ள போவியா?"

"அப்பால சொல்றேன்" என்று அம்மையார் போனை வைத்தார். அந்த வளாகத்தில் அவர் ஒருவருக்குத்தான் பதில் தெரியும். மூன்று செட்டும் ஒரே அச்சு என்று வழக்கறிஞர்கள் நம்பினார்கள். முகம் வெளுத்துப் போய் நின்றார்கள். கிஷோர் காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது செட்டில் அந்த இடம் நிரம்பியிருக்கிறது என்பதும், நிரப்பிய கை எது என்பதும் அம்மையார் ஒருவருக்கே தெரியும். அதைச் சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். இரண்டு மணிக்கு அலுவலர் எப்படியும் அதைப் பிரிப்பார்.

அப்போதுதான் அது நடந்தது. இருபத்தாறு வருடச் செக்கர் வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஒரு பிழைக்காகச் சாமி கும்பிட்டார். பாய் பழைய பக்கத்தையே பிரிண்ட் எடுத்திருக்கக் கூடாதா? மிஷினில் மை தீர்ந்து அந்த ஒரு வரி மட்டும் விழாமல் போயிருக்கக் கூடாதா? எவ்வளவு சட்டையில் எவ்வளவு தையல் விட்டுப்போகிறது! மரத்துக்கு அந்தப் பக்கம் போய், குரலைத் தாழ்த்தி ஜாபர் அலியைக் கூப்பிட்டார்.

"பாய், அன்னிக்கு நான் சொன்னத போட்டியா, இல்ல மறந்துட்டியா? மறந்திருந்தா பரவால்ல. தப்பா நெனைக்க மாட்டேன்."

"இன்னாக்கா இப்பிடி கேட்டுட்ட? நீ சொல்லி நான் மறப்பனா? ரெண்டு தபா செக் பண்ணிப் போட்டேன். பளிச்சுனு தெரியணும்னு எழுத்தக்கூட கொஞ்சம் பெருசு பண்ணி உட்டேன்."

"நல்லா இரு பாய்" என்றார் அம்மையார்.

திரும்பி வந்தபோது நாற்காலிப் பக்கத்தில் பக்தவத்சலம் நின்றிருந்தார். கையில் ஒரு வெள்ளைத்தாள். "தங்கச்சி, இதுல ஒரு கையெழுத்து."

வாங்கிப் பார்த்தார். மேலேயும் ஒன்றுமில்லை, கீழேயும் ஒன்றுமில்லை. விரல் எழுந்தது. "காலியா கீதேண்ணே."

"அப்பால எழுதிக்கலாம். ஒருவேள நீயே நின்னு ஜெயிச்சிட்டேன்னு வையி, டெல்லி, பார்லிமென்ட்டுன்னு நீ ஏன் அலையணும்? எல்லாத்தையும் தம்பி பாத்துக்கும். நீ வழக்கம்போல ஊட்டப் பாரு, வேலையப் பாரு. உனுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது."

அவர் அன்பாகத்தான் சொன்னார். பேனா மூடியைக்கூட அவரே கழற்றிக் கொடுத்தார்.

அம்மையார் பேனாவைப் பிடித்தார். தாளைப் பார்த்தார். தன் பொதுவாழ்வின் ஒரே புரட்சியை அப்போது செய்தார். "ரெண்டு மணிக்கு அப்பால போடறேண்ணே" என்றார்.

ரெண்டு மணிக்கு அப்பால் அது தேவைப்படாது என்று தெரிந்தே சொன்னதால் அதைப் புரட்சி என்று சொல்லலாமா என்பதில் அறிஞர்கள் வேறுபடக்கூடும்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். இளநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். தெரிந்தே குடித்தார். முடியப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று பெரிய பதவிக்காரர்களுக்குத் தெரியாது; அவர்களுக்குக் கடைசி நாள்வரை நம்பிக்கை இருக்கும். அந்த வசதி அம்மையாருக்கு இல்லை. ரயில்வே அமைச்சரிடம் பேச வேண்டிய முதல் வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. இரண்டாவது வாக்கியத்துக்குப் போகவில்லை.

இரண்டு மணிக்கு அலுவலர் மூன்றாவது செட்டைப் பிரித்தார். வாழ்க்கைத் துணையின் தொழில் என்ற இடத்தில், மற்ற எழுத்துகளைவிடச் சற்றுப் பெரிதாக, 'பல் மருத்துவர்' என்று இருந்தது. ஒரு செட் முழுமையாக இருந்தால் போதும். "மனு ஏற்கப்படுகிறது."

சரவெடி வெடித்தது. மாலைத் தொண்டர் தன் சரிபாதி தூரத்திலிருந்து காரை நோக்கி ஓடினார். வழக்கறிஞர்கள், மூன்று செட் போட்டது தங்கள் தொலைநோக்கு என்று கைகுலுக்கிக்கொண்டார்கள். பக்தவத்சலம் ஜோசியருக்குப் போன் போட்டு நன்றி சொன்னார். எல்லாரும் காரைச் சூழ்ந்தபோது, ஒருவர் வேப்பமரத்தடிக்கு வந்தார்.

"அக்கா, கொஞ்சம் எழுந்துக்கறியா? சேரு வாடகைக்கு எடுத்தது."

இளநீர் பாதி இருந்தது.

அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். நிராகரிக்கப்பட்ட மனுக்கள் என்ற தலைப்பின் கீழ் அம்மையாரின் பெயர் இருந்தது. காரணம் என்ற இடத்தில், கட்சியின் பிரதான வேட்பாளர் மனு ஏற்கப்பட்டதால், என்று முறையாக எழுதியிருந்தார்கள். எந்த இடமும் காலியாக இல்லை. அம்மையார் வரி வரியாகச் சரிபார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

நெமிலிச்சேரியில் கோவிந்தன் வெள்ளை வேட்டியை மடித்து வைத்தார். மூன்று மனுவையும் என்ன செய்வது என்று கேட்டார். அம்மையார் அவற்றை வாங்கித் தன் பழைய மனுவோடு சேர்த்து வைத்தார்.

பின்குறிப்பு ஒன்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கிஷோரின் பிரசாரம் பாரிவாக்கம் பக்கம் வந்தது. தெருமுனையில் முப்பது பெண்கள், முப்பது தட்டு, கரைசல் நல்ல சிவப்பு. முதல் தட்டு வழக்கம்போல அம்மையார் கையில். தட்டுக்கு அடியில் விரலோடு சேர்த்து மடித்த மனு, நான்காவது எம்.பி.க்காக. வேன் நின்றது. கிஷோர் மேலிருந்து கும்பிட்டார். அம்மையார் மூன்று சுற்று சுற்றி, "ஸ்டேசன் பூட்டு விசயம் தம்பி" என்று மனுவை நீட்டினார்.

"கவனிக்கிறேன்கா" என்றார் கிஷோர், மனுவைப் பின்னால் யாரிடமோ கொடுத்துக்கொண்டே. பிறகு பக்கத்தில் நின்ற அப்பாவின் காதருகில் குனிந்து, "யாரு இவங்க?" என்று கேட்டார். மைக் அணைக்கப்படவில்லை. தெருவுக்கே கேட்டது.

வேன் மேல் கிஷோரின் மறுபக்கத்தில், புதுப் பட்டுப்புடவையில், கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து பவ்யா நின்றிருந்தார். குரலை அவர் அடையாளம் கண்டுகொண்டிருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தார்.

"அன்னிக்கு போன் பண்ணது நீங்கதானக்கா?"

"ஆமாம்மா."

"மாத்து வேட்பாளரா மனு போட்டதும் நீங்கதானா?"

"நான்தாம்மா."

பவ்யாவின் முகம் ஏதோ கணக்குப் போட்டு முடித்ததுபோல மாறியது. "அப்ப ஏங்க்கா அத நிரப்பினீங்க?"

வேன் உறுமி நகர ஆரம்பித்திருந்தது. அம்மையார் தட்டோடு கூடவே நான்கு எட்டு நடந்தார்.

"காலியா இருந்துச்சும்மா" என்றார்.

வேன் அடுத்த தெருவுக்குத் திரும்பியது. அங்கே வேறு முப்பது தட்டுகள் காத்திருந்தன. அம்மையார் அணைந்த கற்பூரத்தை விரலால் தள்ளிவிட்டு, திருஷ்டி கழிக்கிற முறைப்படி, தட்டில் இருந்த சிவப்புத் தண்ணீரை ரோட்டில் குறுக்கே ஊற்றினார்.